காவிரிப் படுகையின் கடலோர ஊர்களைச் சிறுகதையாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகை என்றதும் எழுத வருபவர்களுக்கு வயலும் வாய்க்காலும் கோபுரமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதே படுகையின் கிழக்கு ஓரத்திலும் தெற்கு ஓரத்திலும் நெல்லை விளைவிக்காமல் விலை கொடுத்து வாங்கிச் சாப்பிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. அந்த ஊர்களைக் களமாகக் கொண்டு சிறுகதை எழுத விரும்புவோர் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை.

எந்தெந்த ஊர்கள் இந்தக் களத்தில் அடங்கும்?

வடக்கே கொள்ளிடம் கடலில் சேரும் இடத்திலுள்ள பழையாறு, கொடியம்பாளையம் தொடங்கி, திருமுல்லைவாசல், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை வழியாகக் கொடியக்கரை வரை கடற்கரை வடக்கிலிருந்து தெற்காக இறங்குகிறது. கொடியக்கரையில் அது சட்டென்று மேற்கே திரும்பி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் அதிராம்பட்டினத்தையும் தொட்டுச் செல்கிறது. இந்தத் திருப்பத்தைக் கதாசிரியர் மனத்தில் வைத்துக்கொள்வது அவசியம். திருப்பத்துக்கு வடக்கே இருப்பது மணற்கரையும் ஓயாத அலையும் கொண்ட வங்கக் கடல்; மேற்கே இருப்பது ஆழம் குறைந்த, சேறு படிந்த, பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும் பாக் நீரிணை. ஒன்றில் படகை அலைக்கு எதிராகத் தள்ள வேண்டும். மற்றொன்றில் முழங்கால் சேற்றில் நடந்து படகை அடைய வேண்டும். இரண்டையும் கலந்து எழுதப்பட்ட கதையை அந்தப் பக்கத்து வாசகர் முதல் பத்தியிலேயே கீழே வைத்துவிடுவார்.

நிர்வாக எல்லைகளும் கதைக்குப் பயன்படும். 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறை மாவட்டம், புதுச்சேரிக்கு உட்பட்ட காரைக்கால், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று இந்த ஒரே கரை பல ஆட்சி எல்லைகளுக்குள் துண்டாகிக் கிடக்கிறது. காரைக்காலை ஒட்டிய மீனவ ஊர்களில் அத்தை வீட்டுக்குப் போவதே மாநிலம் விட்டு மாநிலம் போவதாகும்.

நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊரைத் தனித்த ஊர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே தீவுகள் அதிகம் இல்லை. கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் நீர் சூழ்ந்து கிடக்கும் கொடியம்பாளையம் போன்ற ஊர்கள் விதிவிலக்கு. மற்ற ஊர்களுக்குத் தார்ச்சாலை உண்டு, கைப்பேசிக் கோபுரம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. ஆனாலும் இந்த ஊர்கள் தனித்தே இருக்கின்றன. அந்தத் தனிமையை உண்டாக்குவது நிலத்தின் பக்கம் என்பதுதான் இந்தக் களத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் காண வேண்டியது.

கடல் இந்த மக்களை ஒருபோதும் தனிமைப்படுத்தியதில்லை. நாகப்பட்டினத்தில் முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னனின் பெயரால் பௌத்த விகாரம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் ரஜூலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. கும்பகோணத்தையே பார்த்திராத பாட்டி பினாங்கு வெற்றிலைப் பெட்டியைப் பரணில் வைத்திருப்பதாக எழுதினால் அது இந்தக் கரையில் மிகைக் கற்பனை ஆகாது.

நிலத்தின் பக்கம் நடப்பது வேறு. ஊருக்கும் வயலுக்கும் நடுவில் உப்பாறு, சதுப்பு, கழிமுகம், சவுக்குத் தோப்பு, வேதாரண்யம் பகுதியில் பரந்த உப்பு நிலம் என்று ஏதோ ஒன்று எப்போதும் கிடக்கிறது. மழைக்காலத்தில் படுகையின் வெள்ளமெல்லாம் வடிய வேண்டிய இடமும் இதுவே. வயலுக்குச் சொந்தக்காரர் சாதி வேறு, கடலுக்குப் போகிறவர் சாதி வேறு என்பதால், பெண் கொடுப்பதும் எடுப்பதும் கரையோரமாகவே முப்பது மைல் வடக்கிலும் தெற்கிலும் நடக்கின்றன. மூன்று மைல் மேற்கிலுள்ள ஊரோடு சம்பந்தம் கிடையாது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை" என்று கொண்டாடி வரவேற்கிறார்கள். உள்நாட்டுச் சாமியே மருமகனாக வருகிறார், உள்நாட்டு மனிதர் வருவதில்லை. இந்த ஒரு முரணை மட்டும் வைத்து நல்ல கதை ஒன்று எழுதலாம். எழுதப்பட வேண்டும் என்றே தோன்றுகிறது.

நெய்தல் திணைக்கு இரங்கல் உரிப்பொருள் என்கிறார்களே, கடற்கரைக் கதை சோகமாகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இலக்கணம் தந்த அந்த உரிப்பொருள் இன்று ஒரு வார்ப்பாகிவிட்டது. புயலில் கணவனைத் தேடிக் கரையில் நிற்கும் பெண், திரும்பாத படகு, வானத்தைப் பார்க்கும் கிழவர் என்ற வரிசை எத்தனையோ கதைகளில் வந்துவிட்டது. அந்தப் பெண் அதே காலையில் ஏலத்துக்குப் போயிருப்பாள், வட்டிக்காரரிடம் தவணை கேட்டிருப்பாள், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டு எடுத்திருப்பாள் என்பதெல்லாம் அந்த வார்ப்புக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கின்றன.

ஆனால் திணையை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது சூரியன் சாயும் வேளை. இந்தக் கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழுந்து நிலத்தில் மறைகிறது. அந்தப் பொழுதில் கடற்கரையில் நிற்பவரின் நிழல் கடலை நோக்கி நீள்கிறது. ஒளியைப் பார்க்க வேண்டுமானால் அவர் ஊரையும் பனைகளையும் வயல்களையும் நோக்கித் திரும்ப வேண்டும். நாகப்பட்டினத்துக் கடலில் சூரியனை மறைய வைக்கும் கதைகள் இன்றும் அச்சாகின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திசையைச் சரியாக வைத்தாலே பாத்திரத்தின் பார்வை மேற்கே திரும்பிவிடும். அங்கேதான் அவருக்கு வர வேண்டிய பணமும் அவரைத் துன்புறுத்தும் அலுவலகமும் அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளியும் இருக்கின்றன.

சுனாமியைப் பற்றி எழுதாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியுமா?

முடியும். 2004 டிசம்பர் 26 அன்று அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மிக அதிகமான இழப்பு அங்கேதான். அவ்வளவு பெரிய நிகழ்வு எந்தக் கதையின் பின்னணியிலும் இருக்கும், அதை உச்சக்காட்சியாக்கித்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அலை வரும் காட்சியை எழுதுவது எளிது, படிப்பவர் மனத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

அலைக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கதை அடர்த்தியாகக் கிடக்கிறது. கடலோரத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அன்றைய மறுவாழ்வுத் திட்டத்தின் நிபந்தனை. மூன்று தலைமுறை ஒன்றாக இருந்த கூரை வீட்டுக்குப் பதிலாக ஒரே அளவில் வரிசை வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் வந்தன. எந்த மகனோடு தாய் இருப்பது, வலையை எங்கே காய வைப்பது, நள்ளிரவில் கடலின் சத்தம் மாறினால் படுக்கையிலிருந்தே அறிந்துகொண்ட பெரியவர் இனி எதைக் கேட்டு எழுந்திருப்பது என்பவையெல்லாம் அந்த ஒரே அளவுச் சுவர்களுக்குள் வந்து சேர்ந்தன. நிவாரணமாகக் கிடைத்த ஃபைபர் படகுகளால் கட்டுமரம் ஏறக்குறைய மறைந்துபோனதும், படகு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே பேச்சு நின்றுபோனதும் வேறு கதைகள்.

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலும் இப்படியே. அந்தப் புயலைப் பற்றி எழுதுபவர்கள் கடலை மறந்துவிட்டுச் சாய்ந்த தென்னைகளைப் பார்த்தால் போதும். வேதாரண்யம் பக்கத்தில் மாமரத்தையும் தென்னையையும் நம்பியிருந்த குடும்பத்துக்குப் போனது அந்த ஆண்டின் வருமானம் மட்டுமில்லை, நட்ட கன்று காய்க்கும்வரை வரவேண்டிய ஆண்டுகளின் வருமானமும்தான்.

பெண் பாத்திரங்களை எப்படி அமைப்பது?

கரையில் காத்திருப்பவர்களாக வேண்டாம் என்று மேலே சொன்னதே இதற்கும் தொடக்கம். கடலில் பிடிபட்டது மீன். அது பணமாவது பெண்களின் கையில். விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடுகிறது. பெரிய வியாபாரிகள் வஞ்சிரத்தையும் வாவலையும் இறாலையும் ஐஸ் பெட்டியில் அடைத்துக்கொண்டு போன பிறகு, மத்தியும் சங்கராவும் கிழங்கானும் எஞ்சும். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குவியலை எடுத்துத் தங்களுக்குள் கூறு போட்டுக்கொள்வார்கள். பிறகு கூடையோடு பேருந்துக்கு நிற்பார்கள். நடத்துநர் ஏற்றுவாரா, பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்துவாரா, கூடைக்குத் தனிச் சீட்டு உண்டா என்று ஒவ்வொரு நாளும் அந்தப் படிக்கட்டில் ஒரு தீர்ப்பு வழங்கப்படுகிறது. இந்த ஊர்களின் தனிமையைக் காட்ட நீண்ட வருணனை எதுவும் தேவையில்லை, அந்தப் படிக்கட்டு போதும்.

இந்தப் பெண்கள்தான் உள்நாட்டை நன்றாக அறிந்தவர்கள். எந்தத் தெருவில் எந்த வீட்டில் கடன் சொல்வார்கள், எந்த வீட்டு அம்மா கொல்லைப்புறமாக வரச்சொல்வாள், எந்த ஊரில் அறுவடைப் பணம் வந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். கருவாட்டுக்கு நெல் மாற்றிக்கொண்ட காலத்தை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். புரட்டாசி பிறந்தால் உள்நாட்டில் மீன் வாங்குவது குறைகிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள். தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிறது. கடலோர வீட்டின் அடுப்பு உள்ளூரில் படும் மீனைப் போலவே எங்கோ ஒரு வைணவ வீட்டு விரதத்தையும் பொறுத்து எரிகிறது. தண்டல்காரர் மட்டும் எந்த மாதமும் பார்ப்பதில்லை.

"அக்கா, மத்தி இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்கும் வீட்டுக்காரிக்கும், "இருக்கு ஆத்தா, கண்ணப் பாத்து வாங்கு" என்று செவுளைத் திறந்து காட்டும் இவளுக்கும் இடையே இருபது ஆண்டுப் பழக்கம் இருக்கலாம். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் ஒரு முறைகூடப் போயிருக்க மாட்டார்.

ஊர்ப் பஞ்சாயத்தைக் கதையில் எப்படிக் காட்டுவது?

வில்லனாகவும் வேண்டாம், பழமையின் பொக்கிஷமாகவும் வேண்டாம். இந்தக் கரையில் பட்டினவர் என்னும் மீனவச் சாதியினர் வாழும் ஊர்களில், தேர்தலில் வரும் ஊராட்சி ஒன்று, கோயில் வாசலில் கூடும் ஊர்ப் பஞ்சாயத்து ஒன்று என்று இரண்டு இருக்கின்றன. இரண்டாவதன் சொல்லுக்கே எடை அதிகம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்குவது, திருவிழா நடத்துவது, எந்த வலையை எப்போது இறக்கலாம் என்று முடிவு செய்வது, ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது எல்லாம் அங்கிருந்து வருகின்றன. புயலுக்குப் பிறகு நிவாரணப் பட்டியலை நேர்மையாகப் பிரித்ததும் அதுவாக இருக்கலாம். ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்து அவர்களோடு பேசினால் அபராதம் என்று சொன்னதும் அதுவாக இருக்கலாம். மரபாக அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஊரின் பணத்தைக் கையாளும் பெண்களுக்கு ஊரின் முடிவில் இடமில்லை என்பதை ஒரு பாத்திரம் மேடையில் முழங்க வேண்டாம். கூட்டம் நடக்கும்போது அவள் சற்றுத் தள்ளிக் கருவாடு திருப்பிக்கொண்டிருந்தால் போதும், காதுக்கு எல்லாம் கேட்கும்.

கதைக்கு மோதல் தேடுபவர்களுக்குச் சுருக்குமடி வலை ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாடு 2000-ஆம் ஆண்டிலேயே தடை செய்த இந்த வலையை வைத்தே இந்தக் கரையின் ஊர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றிருக்கின்றன. கூட்டமாக வரும் மீனை மொத்தமாக வளைத்து அள்ளிவிடுவதால் சிறு படகுக்காரர்களுக்கு எதுவும் மிஞ்சாது என்பது ஒரு பக்கம்; பங்கு போட்டுப் பெருந்தொகை கடன் வாங்கி வலையும் படகும் வாங்கியாகிவிட்டது, இனி எங்கே போவது என்பது மறுபக்கம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பகலில், நிபந்தனைகளோடு அனுமதித்தது. கடலில் எதிரெதிராக நிற்கும் இந்த ஊர்கள் நிலத்தில் சம்பந்திகள். தங்கையின் கணவன் எதிர் அணியில் இருக்கும்போது வளைகாப்புக்குப் போவதா வேண்டாமா என்பது ஒரு சிறுகதைக்குச் சரியான அளவுள்ள சிக்கல்.

உப்பளத்தைப் பற்றி எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். வேதாரண்யம் என்றால் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பு அள்ளியதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அகஸ்தியம்பள்ளியின் நினைவுத் தூணைத் தாண்டி இன்றைய பாத்திகளுக்குள் கதைகள் போவது குறைவு. வெயில் காலம் முழுவதும் பாத்தியில் நீர் தேக்கி, விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் குவித்து, மழைக்கு முன் கீற்று வேய்ந்து மூடுவார்கள். சில மைல் தொலைவில் உழவர் கும்பிட்டு வேண்டும் மழை இங்கே ஒரே இரவில் குவியலைக் கரைக்கிறது. ஒரே வட்டத்தில் இரண்டு ஊர்கள் ஒரே வானத்திடம் எதிரெதிரான வேண்டுதல்களை வைக்கின்றன.

பருவம், நாள் போன்றவற்றில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. 2017-க்கு முன் அது 45 நாள். ஆகவே 2010-இல் நடக்கும் கதையில் 61 நாள் தடை வந்தால் பிழை. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் தடைக்காலத்தில் கரையோரமாகப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. உழவர் தண்ணீருக்குக் காத்திருந்ததும் விசைப்படகுக்காரர் கடலுக்குக் காத்திருந்ததும் இரண்டே நாள் இடைவெளியில் முடிகின்றன. ஆற்றில் நீர் போதாத காலத்தில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடுவதால், கடைமடைக்கு நீர் வருகிறதா என்ற கேள்வி படகுக்காரருடையதும் ஆகும். வயல்வெளிக் கதையும் கடற்கரைக் கதையும் இதுபோல் சந்திக்கும் இடங்கள் இன்னும் பல, தேடினால் கிடைக்கும்.

உண்மையிலேயே ஆளரவமற்ற களம் வேண்டுமானால்?

கொடியக்கரையைப் பாருங்கள். வெளிமானும் மட்டக்குதிரையும் திரியும் காடு. 1967 முதல் சரணாலயம். வடகிழக்குப் பருவமழையோடு வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கரையில் குடிசை போட்டுச் சில மாதங்கள் தொழில் செய்துவிட்டு, கோடைக்கு முன் கலைந்து போகிறார்கள். அடுத்த ஆண்டு அதே ஊர் மீண்டும் எழும். போன ஆண்டு பக்கத்துக் குடிசையில் இருந்தவர் இந்த ஆண்டு வராமலும் இருக்கலாம். முத்துப்பேட்டைக் காயலும் இன்னொரு களம்: அலையாத்தி மரங்களுக்கிடையே வெட்டிய வாய்க்கால்களில் நீர் ஏறி இறங்கும்போது மடவையும் கொடுவாவும் இறாலும் பிடிக்கிறார்கள், பேச்சுத் துணைக்குப் பறவைகள் மட்டுமே. இங்கெல்லாம் வனத்துறையின் அனுமதிச் சீட்டும் கதைக்குள் வரும். அதை விட்டுவிட்டால் களம் வெறும் காட்சிப்படமாகிவிடும்.

வட்டார வழக்கை எவ்வளவு கலக்கலாம்?

உரையாடலில் தேவையான அளவு, விவரிப்பில் மிகக் குறைவாக. வாடை, கொண்டல், கச்சான் என்று பாத்திரம் காற்றின் பெயரைச் சொன்னால் அடிக்குறிப்புப் போடாதீர்கள். அந்தக் காற்று என்ன செய்கிறது என்பதைக் கதையில் காட்டிவிட்டால் வாசகர் புரிந்துகொள்வார். இந்தப் பெயர்களின் பொருள் கரைக்குக் கரை சிறிது மாறும் என்பதால், தென்கோடிக் கரையின் சொல்லகராதியை எடுத்து இங்கே ஒட்டுவது ஆபத்து.

அந்தச் சமூகத்தைச் சேராதவர் எழுதலாமா?

எழுதலாம். ஆனால் ஒரு சோதனை உண்டு: கதையில் வெளியிலிருந்து வரும் ஆசிரியையோ தொண்டு நிறுவன ஊழியரோ இல்லாமல் அது நிற்குமா என்று பாருங்கள். அவர் மூலமாகத்தான் எல்லாம் தெரிய வேண்டியிருந்தால், நீங்கள் எழுதியிருப்பது அவருடைய கதை.

கடலுக்குள் நடக்கும் காட்சியைத் தவிர்ப்பது நல்லதா?

தெரியாமல் எழுதுவதைவிடத் தவிர்ப்பது நல்லது. தெரிந்துகொண்டு எழுதுவது அதைவிட நல்லது. ஃபைபர் படகில் சிலர் மட்டுமே போவார்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகே படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்கு பிரியும். செலவுக்குக்கூட மீன் படாத நாளில் கடனோடு கரையேறுவார்கள். நட்சத்திரம் பார்த்து வழி கண்ட கிழவரின் பேரன் ஜிபிஎஸ் திரையைப் பார்க்கிறான். 1974, 1976 ஒப்பந்தங்களில் வரைந்த இலங்கை எல்லைக்கோடு அந்தத் திரையில்தான் தெரிகிறது, நீரில் தெரிவதில்லை. கோட்டுக்கு அப்பால் இலங்கைக் கடற்படை இருக்கிறது, அதற்கும் அப்பால் யாழ்ப்பாணத்து மீனவர் இருக்கிறார். இங்கிருந்து போன விசைப்படகின் இழுவைமடி தன் வலையை அறுத்துப்போனதைப் பற்றி அவரும் தமிழில்தான் கத்துவார். அந்தக் குரலை மறுபக்கத்து ஆளாக மட்டும் காட்டாமல் முழுப் பாத்திரமாக எழுத முடிந்தால், படகு இரவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கடலில் நிற்கலாம்.